குருவிக் கொட்டாய்

பத்துமலையை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில்தான் கருப்பம்மாள் முதல்முறையாகக் குருவிக் கொட்டாய்க்குள் கால் வைத்தாள். கொட்டாய் கட்டிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஓடும் வரிசை வீடுகளில் அவர்களுடையது கடைசி வீடு. ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் மிச்சம் கிடந்தது. மற்ற வரிசைகளில் அந்த மாதிரி இடத்தில் கார் நிறுத்தியிருந்தார்கள். பத்துமலை கம்பிவலை அடித்து, தகரம் போட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கொட்டாய் எழுப்பிவிட்டார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிஞ்ச் குருவிகள், ஆறு லவ்பேர்ட், ஒரு ஜோடி மெர்போக் புறா. தொழிற்சாலையில் ஜாகா வேலை முடிந்து காவல் சட்டையைக் கழற்றி மாட்டினார் என்றால் மீதிப் பொழுது அவருக்கு அதற்குள்தான். அவள் வலைக்கு இந்தப் பக்கம் நின்றே, "சோறு ஆறுது" என்பாள். ஆரம்பத்தில் இரண்டொரு தரம் உள்ளே வா என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

காலில் பட்டது சின்னப் புண்தான். இனிப்பு நீர் உள்ளவருக்குச் சின்னப் புண் என்று ஒன்று கிடையாது. ஒரே வாரத்தில் இரண்டு விரல் கறுத்துப் போனது. எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். இரண்டு நாள் மகன் விக்னேஸ்வரன் கொட்டாய்க் கதவை அரையடி திறந்து தீனியை வைத்துவிட்டு ஓடினான். மூன்றாம் நாள் அவனுக்குக் காலை ஷிப்ட். அதனால் அவள் போனாள்.

முதலில் எறும்பைத்தான் பார்த்தாள். தீனி மேசையின் காலைப் பிடித்து ஏறி, தினையைச் சுற்றி வந்து, வலையோரமாக மேலே போயிற்று ஒரு வரிசை. சின்னச் சின்னச் சிவப்பு எறும்பு. வரிசை போன வழியே கண்ணைக் கொண்டுபோனாள். மூலையில் தொங்கிய பிரம்புக் கூட்டுக்குள் அது நுழைந்தது. தாய்க்குருவி கூட்டுக்கு வெளியே கம்பில் உட்கார்ந்து, உள்ளே போகப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தது.

கூட்டை இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மூன்று குஞ்சுகள். இறகு முளைக்காத, ரோஜா நிறத் தோல். அந்தத் தோல் தெரியாத அளவுக்கு எறும்பு. இரண்டு அசையவில்லை. மூன்றாவது வாயைத் திறந்தது. அவள் சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் இருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். எடுத்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. கையெல்லாம் தடித்துப் போனது. எரிச்சல் அவளுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்ததை வேறு கூட்டில் வைத்து, தாயையும் தகப்பனையும் பிடித்துச் சின்னக் கூண்டில் அதனோடு விட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சமையல் கட்டில் போய் நின்றாள். எதற்கு வந்தோம் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை.

மத்தியானம் வந்த விக்னேஸ்வரன் கையில் பூச்சி அடிக்கிற ஸ்பிரே டின் இருந்தது.

"போன்ல சொன்னீங்களேன்னு வர்ற வழியில வாங்கிட்டேன். ரெண்டு அடி, முடிஞ்சிரும்."

"குடு அத."

வாங்கி, பின்கட்டு அலமாரியில் எட்டாத தட்டில் வைத்தாள். "குருவி இருக்கிற எடத்துல இதெல்லாம் அடிக்கக் கூடாது. அதுக்கு இருக்கிற நெஞ்சு இத்தினியூண்டு. நமக்குத் தும்மல் வந்தா அதுக்கு உசுரு போயிரும்."

"வாசனையே இல்லாததுலா. டின்னுல பாருங்க, பூப்படம் போட்டிருக்கான்."

"பூப்படம் அப்பவும்தான் போட்டிருந்தான்."

"எப்பம்மா?"

அவள் அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். நெத்திலி சம்பலும் முருங்கைக் கீரையும். தூக்குச் சட்டியில் ரசச் சோறு தனியாக இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு.

கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தார் பத்துமலை. வலது கால் வெள்ளைப் பொட்டலமாக நீட்டிக் கிடந்தது.

"குருவி எப்படி இருக்கு?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"டின்னுல தண்ணி ஊத்துனியா?"

"எந்த டின்னு?"

"தீனி மேசக் காலு நாலும் பால் டின்னுக்குள்ள நிக்குதுல்ல. அதுல சோப்புத் தண்ணி இருக்கணும் புள்ள. காஞ்சா எறும்பு ஏறிடும். வெறும் தண்ணி பத்தாது, அதுமேல நடந்தே வந்துரும். ரெண்டு சொட்டு சோப்பு விட்டா முங்கிப் போயிரும்."

"குருவி குடிச்சிட்டா?"

"டின்னு வாய்க்கு வல கட்டியிருக்கேன். பாக்கலியா?"

"பாக்கல." தூக்குச் சட்டியைத் திறந்தாள். "பதினாலு வருஷமா தெனம் இதச் செஞ்சீங்களா?"

"தெனம் இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

"சொல்லவே இல்லையே நீங்க."

"நீ உள்ளாரயே வந்ததில்லையே. யாருகிட்டச் சொல்ல." கோபமாகச் சொல்லவில்லை. ரசச் சோற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பப்பாளித் துண்டு வைக்காத கொஞ்ச நாளைக்கு. கீழ சிந்துனத சாயங்காலமே கூட்டிரு. எறும்பு போன தடத்த சோப்புத் தண்ணியில தொடச்சிரு. வாசன போயிட்டா அதுகளுக்கு வழி தெரியாது. மருந்து மட்டும் வேணாம்."

"அத நீங்க எனக்குச் சொல்ல வேணாம்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

தோட்டத்தில் புல்லைக் கொல்லும் விஷத்தை மருந்து என்றுதான் சொல்வார்கள். தாப்பாவுக்குத் தெற்கே, இப்போது செம்பனை நிற்கிற இடத்தில், அப்போது கல்லுமலைத் தோட்டம் இருந்தது. பால்மரம் வெட்டுகிற கூட்டத்தில் பத்துமலை. மருந்தடிக்கிற கூட்டத்தில் கருப்பம்மாள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, ஆறு பெண்கள் முதுகில் தோம்பு என்கிற மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக இறங்குவார்கள். மரத்துக்கு மரம் நடுவே இடுப்பளவு லாலாங் புல். பனியில் நனைந்து நிற்கும். தோம்பின் கையைப் பிடித்து அடித்துக்கொண்டே போனால் புல்லின்மேல் நீலப்புகை இறங்கும். முகத்துக்குத் துண்டு. கைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இரண்டு நகம் விழுந்து முளைத்தது, கோணலாகத்தான் முளைத்தது. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்துகொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்வாள். கூட வேலை செய்யும் புஷ்பலதா அவள் நிரையையும் சேர்த்து அடித்துவிடுவாள்.

ஆனாலும் அந்தத் தோட்டத்துப் பதினேழு வருஷத்தை நினைத்தால் முதலில் அவளுக்குத் தோன்றுவது அது இல்லை. பத்துமணிக்கு ஆற்றோரம் உட்கார்ந்து தூக்கைத் திறப்பார்கள். கருவாட்டுக் குழம்பு ஒருத்தி, அவித்த மரவள்ளி ஒருத்தி, ஆறு பேர் சட்டியும் ஆறு பேருக்கும். புஷ்பலதா கணக்கெழுதும் கிராணி மாதிரி நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து யாருக்காவது புரையேறும். அந்த நேரத்தில் கேமரன் மலைப் பக்கம் மேகம் விலகும். மழை வருமா வராதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

லாலாங் புல்லுக்குள் குருவி கூடு கட்டும். பிப்பிட் குருவி, கட்டைவிரல் அளவு. கூடு பந்துபோல இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் அவள் அந்தப் புதரை மட்டும் விட்டுவிட்டு, தோம்பின் வாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். எல்லாக் கூடும் கண்ணில் பட்டிருக்காது. பட்ட மட்டுக்கும் விட்டாள். மருந்தடிக்கிறவர்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி பின்னாலேயே வருவார். அவர் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். கண்ணில் படாமல் போன கூடுகளை நினைத்துத்தான் பதினாலு வருஷம் வலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பத்துமலைக்குத் தெரியும்.

மறுநாள் டின்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள், சோப்பு விட்டாள். தரையைக் கூட்டி, தடத்தைத் துடைத்தாள். தீனி மேசை சுத்தமானது. ஆனால் வியாழக்கிழமை காலையில் லவ்பேர்ட் பெட்டிக்குள் எறும்பு. இந்தத் தடவை கீழே இருந்து ஏறவில்லை, மேலிருந்து இறங்கியது.

நாற்காலி போட்டு ஏறி, வரிசையைப் பின்பக்கமாகத் தொடர்ந்தாள். தகரத்தின் ஓரம், ஆணி, கதவுக்கு மேலே இருந்த கட்டை. அந்தக் கட்டையின் நுனியில் ஒரு துவாரத்துக்குள் போயிற்று. விரல் மடக்கித் தட்டினாள். வெறும் டப்பாவைத் தட்டின சத்தம்.

இறங்கி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது சாதாரணக் கட்டை இல்லை. கல்லுமலையில் லயத்தை இடித்தபோது அவர்கள் குடியிருந்த வீட்டின் வாசல் நிலையைப் பத்துமலை பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். லோரிக்காரர் இதையெல்லாம் ஏற்ற முடியாது என்றதற்கு, அப்படியென்றால் கட்டிலை இறக்கிவிடு என்றார். பல வருஷம் சீலையில் சுற்றி வைத்திருந்துவிட்டுக் கொட்டாய்க்கு வாசலாக வைத்தார். மேல்கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் 'இ 7' என்று வீட்டு நம்பர் இன்னும் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "செங்கால் மரம்லா, நூறு வருஷம் கெடக்கும்," என்பார்.

அன்று பத்து மணி வாக்கில் சன்னாசி வந்தார். எழுபத்து நாலு வயது. இரண்டு சந்து தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். பழைய மோட்டர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கையில் ஒரு மைலோ டின்னோடு வந்தார்.

"ஒம் மவன் விக்கி சொன்னான். பத்து எப்படி இருக்கான்?"

"சோறு எறங்குது. அடுத்த வாரம் விட்டுருவாங்களாம், மண்டோரண்ணே."

"எறும்புத் தொல்லைன்னான். இந்தா. சும்மா சுத்தித் தூவிவிடு. எங்கிட்ட ரொம்ப நாளா கெடக்கு, இன்னும் வேகம் கொறயல."

டின்னைத் திறக்காமலே அவளுக்கு வாடை தெரிந்தது.

"இது மருந்துதானே."

"மருந்துதான். கொஞ்சமாப் போட்டா ஒன்னும் ஆவாது."

"அந்தப் பேச்ச நான் பதினேழு வருஷம் கேட்டிருக்கேன் அண்ணே."

சன்னாசி டின்னைப் பார்த்தார். போய் மோட்டர்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அப்ப என்ன செய்யலாம்னு சொல்லு."

"அந்த மேல்கட்டய எறக்கணும். கூடு அதுக்குள்ளதான் இருக்கு. தண்ணியில முக்கிட்டா முடிஞ்சுது."

"பத்து என்ன சொல்லுவான்?"

"கேட்டா வேணாம்பாரு. அதான் கேக்கல."

வெள்ளிக்கிழமை காலையில் இறக்குவது என்று ஆனது. குருவிகளைப் பிடித்துச் சின்னக் கூண்டுகளில் அடைத்து முன்கூடத்தில் வைத்தாள். மெர்போக் இரண்டும் புதிய இடத்தில் கூவாமல் உட்கார்ந்திருந்தன. நீல நிறத் தண்ணீர் டிரம்மை வாசலுக்கு இழுத்து, பாதி நிரப்பி, சோப்பைக் கரைத்தாள். ஈரச் சாக்கு இரண்டு எடுத்துக்கொண்டாள். கட்டையில் இருந்த நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். சன்னாசி ஏறுகிறேன் என்றார். அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு அவளே ஏறினாள். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

துருப்பிடித்த போல்ட். எண்ணெய் விட்டு, ஸ்பானரைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். கீழே அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

"கருப்பம்மா," என்றார் கீழேயிருந்து. "ஒன்னு சொல்லணும். நீ லாலாங்குல சில பொதர விட்டுட்டுப் போவ."

அவள் கை நின்றது. "பாத்தீங்களா?"

"பாத்தேன். மொதத் தடவ விட்டுட்டேன். ஒரு வாரத்துல சுத்தி எல்லாம் மஞ்சளாப் போச்சு, அது மட்டும் பச்சையா நின்னுச்சு. தொர ஜீப்ப நிறுத்திப் பாத்தாரு. கிராணி என்னய நிக்க வச்சு ஏசுனாரு."

"எங்கிட்ட ஒன்னும் சொல்லலியே நீங்க."

"சொல்லல." ஏணியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். "அதுக்குப் பொறவு, நீங்கெல்லாம் தண்ணி கலக்குற எடத்துக்குப் போனதும் நான் திரும்பி வருவேன். வந்து அந்தப் பொதர அடிச்சிட்டுப் போவேன்."

ஒரு தடவை அடித்த நிரைக்குப் பெண்கள் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பப் போவார்கள். அதற்குள் எல்லாம் காய்ந்து மறுபடி முளைத்திருக்கும். அதனால் அவளுக்குத் தெரிய வழியில்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"குஞ்சு இருந்துச்சா?"

"பாக்கலம்மா. பாத்தா அடிக்க முடியாதுன்னு, பாக்காமத்தான் அடிச்சேன்."

குன்றின் பக்கமிருந்து காற்று வந்து தகரத்தை ஒரு தரம் தட்டிவிட்டுப் போனது. அவள் ஸ்பானரை மறுபடி போல்ட்டில் மாட்டினாள்.

"ஏணிய நல்லாப் புடிங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வேலைப் பேச்சு மட்டும்தான். கட்டை இறங்கியது. ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு பேருமாகத் தூக்கி டிரம்முக்குள் ஒரு நுனியை விட்டார்கள். உள்ளேயிருந்து எறும்பு கொட்டியது. சிவப்பு, நடுவே வெள்ளையாக முட்டைகள், ஆயிரக்கணக்கில். சாக்கைத் தாண்டி வந்தவை சன்னாசியின் முழங்கையில் ஏறிக் கடித்தன. அவர் கையை எடுக்கவில்லை. மறுநுனியையும் திருப்பி முக்கினார்கள். மரத்தைக் கரையான் எந்தக் காலத்திலோ தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்த குழலில் எறும்பு குடியேறியிருந்தது. மத்தியானத்துக்குள் பழைய அலுமினியச் சட்டம் ஒன்றை அளவாக அறுத்துக் கட்டை இருந்த இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். மோட்டர் சத்தம் சந்து திரும்பினபிறகுதான், அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அப்படி நடந்ததில்லை.

அன்று சாயங்காலம் குருவிகளைத் திரும்ப விட்டாள். மறுநாள் எறும்பு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆனாலும் இரண்டு வேளையும் உள்ளே போனாள். டின்னைப் பார்த்தாள், பெட்டிகளைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிழைத்த குஞ்சுக்கு முதுகில் முள்ளுமுள்ளாக இறகு வந்திருந்தது. சன்னாசி வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

புதன்கிழமை பத்துமலை வீட்டுக்கு வந்தார். விக்னேஸ்வரன் தோள் கொடுத்து இறக்க, வீட்டுக்குள் போகாமல், கொட்டாய்க்கு முன்னால் நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க?"

சுவரோரம் சாய்த்திருந்த கட்டையை அவள் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். பாதி எடைதான் இருந்தது. நுனியில் கண்ணை வைத்துப் பார்த்தால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"செங்கால்னு நெனச்சேன்," என்றார்.

"மெராந்திலா, லேசான மரம்."

"ஆமா. மெராந்திதான் போல." எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்போமே. நீ நெலைக்கு மேல மட்டும் அடிக்காதீங்க, நம்பர் மறைஞ்சிரும்ப."

"நம்பர் மறைஞ்சா பால்பவுடர் குடுக்கறவன் வீடு மாறிப் போயிருவான். அதுக்குத்தான்."

"குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்கம்ப. ஒரு நாளாவது குனிஞ்சேனா."

"நெத்தியில இன்னும் தடம் இருக்கே."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கட்டையைக் கீழே காலருகில் வைத்துக்கொண்டார். "எடுத்தது நல்லதுதான். விட்டிருந்தா ஒன்னும் மிஞ்சியிருக்காது. யாரு ஒத்தாச?"

"மண்டோரண்ணே."

"அப்பறம் ஏன் ஆளக் காணோம்?"

அவள் சொன்னாள். நின்றுகொண்டே, வலையைப் பார்த்தபடி, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றார் கடைசியில்.

"தெரியல. கோவமா இருக்கான்னு பாத்தா அது இல்ல. அந்தாளு கைய எறும்பு கடிக்குது, எடுக்கல. அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

ஐந்து மணிக்கு மேல் மோட்டர் சத்தம் கேட்டது. சன்னாசி வெளிக்கதவிலேயே நின்றார். கையில் நாளிதழில் சுற்றிய கட்டு ஒன்று. மேலே பச்சைக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பிஞ்ச் குருவி விரும்பித் தின்கிற புல்விதை.

"பத்து வந்துட்டான்னு விக்கி சொன்னான்," என்றார். அவளைப் பார்க்காமல் கதிர்களை நீட்டினார்.

அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஒரு கதிரை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"எங்க புடுங்குனது?"

"குன்றுக்குப் பின்னால, குட்டை ஓரம். யாரும் அடிக்கிற எடம் இல்லம்மா. புல்லு வெட்டுற ஆளுகிட்டப் போயிக் கேட்டுக்கிட்டுத்தான் புடுங்குனேன். வீட்டுல நாலு தண்ணியில அலசிட்டேன்."

பத்துமலை நாற்காலியில் இருந்தபடி இரண்டு பேரையும் பார்த்தார்.

கருப்பம்மாள் கதிர்களைச் சன்னாசி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே கட்டிவிடுங்க. காலு கையெல்லாம் நல்லாக் கழுவிட்டு உள்ள வாங்க. செருப்போட வராதீங்க."

சன்னாசி கதிர்களைத் திண்டில் வைத்துவிட்டு, வெளிக்குழாயைத் திறந்தார். முழங்கைவரை, முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குருவி எதுவும் வெளியே போய்விடாமல் கதவைப் பாதி மட்டும் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் கழுவி முடிக்கிறவரை அவள் கொட்டாய்க்கு உள்ளேயே நின்றாள்.